பங்காளிக்குப் போகிற வரி

ஏனுங்க, அந்தப் பேப்பரை மடிச்சு வைங்க. அதுல எழுதியிருக்கறவனுக்குப் பந்து உருண்டையா சதுரமான்னு தெரியுமுங்களா? 'கூடைப்பந்து டீம் முதலாளி ஆடம்பர வரி கட்டலாமா, கூடாதா'ன்னு அரைப்பக்கம் எழுதியிருக்கறான். இந்தப் பக்கம் நாலு பேரு கட்டலாங்கறான், அந்தப் பக்கம் நாலு பேரு கூடாதுங்கறான். எட்டுப் பேர்ல ஒருத்தனாவது சொந்தக் காசுல ஒரு பந்து வாங்கியிருப்பானா? நான் ஒரு டீமையே வச்சிருக்கறேன். எங்கிட்ட ஒருத்தனும் வந்து கேக்கல.

ஆமாங்க, டீம் முதலாளிதான். திருச்செங்கோடு. தெய்வசிகாமணின்னு சொன்னா… தெரியாதுங்களா? பரவால்லீங்க, எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்காது. போர்வெல் போடற ரிக் வண்டி நம்முளுக்கு ஒடிசா வரைக்கும் ஓடுது. காரு ஒர்க்‌ஷாப்புல கெடக்கறதால இந்த ரயில்ல வரவேண்டியதாப் போச்சு. இல்லாட்டி இப்படி மூணு பேரு சீட்டுல நடுவுல உக்கார்ற ஆளில்லீங்க நான். நீங்க கோயமுத்தூருங்களா? செரி. நான் ஈரோட்டுல எறங்கறதுக்குள்ள சொல்லிப்போடறேன்.

அந்த வரின்னா என்னன்னு மொதல்ல கேட்டுக்குங்க. எங்க லீக்குல ஆறு டீமு. ஆட்டக்காரங்களுக்கு மொத்தமா இவ்வளவுதான் சம்பளம்னு ஒரு கோடு போட்டிருக்கறாங்க. கோட்டைத் தாண்டக் கூடாதான்னா, தாண்டலாம். ஆனாத் தாண்டுன ஒவ்வொரு ரூவாய்க்கும் மேல ரெண்டு ரூவா வரி கட்டோணும். பணக்கார டீமு நல்ல ஆட்டக்காரங்களைப் பூராம் வளைச்சுப் போட்டுக்கக் கூடாதாமா. சமத்துவமாமா. லீக் தலைவரு சொல்றாரு. அவரு டீமு வச்சிருக்கறாரான்னு கேளுங்க. அவரு வச்சிருக்கறது ஒரு வெள்ளைச் சபாரிச் சட்டையும் ஒரு மைக்கும்தான்.

அரசாங்கத்துக்குப் போற வரின்னாக்கூட மனசு கொஞ்சம் ஆறும். நானெல்லாம் அரசாங்கத்துக்குக் கட்டறனான்னு கேக்காதீங்க, அது வேற சமாச்சாரம். இந்த வரி அங்க போறதில்ல. கோட்டுக்குக் கீழ அடக்க ஒடுக்கமா இருக்கற டீமுங்களுக்குச் சமமாப் பிரிச்சுக் குடுத்தர்றாங்க. அப்படி அடக்க ஒடுக்கமா இருந்த டீமுல ஒண்ணு எம்பட பங்காளி நாச்சிமுத்துவோடது. இப்பச் சொல்லுங்க, கட்டலாமுங்களா?

உங்களுக்குப் பங்காளி இருக்கறானுங்களா? இருந்தா இப்படிச் சிரிக்க மாட்டீங்க.

நாச்சிமுத்து எம்பட பெரியப்பன் மகன். எனக்கு ஒரு வயசு மூப்பு. அவங்கப்பனும் எங்கப்பனும் சேர்ந்துதான் மொத ரிக்கு வாங்குனாங்க. அப்பறம் பிரிச்சுக்கிட்டோம். வண்டி, நெலம், குடோன் எல்லாம் நேர் பாதி. அதுவரைக்கும் பேச்சு வார்த்தை இருந்துது, அண்ணான்னுதான் கூப்புடுவேன். எம்பட பொண்ணு கல்யாணத்துலதான் முடிஞ்சுது. என்ன பண்ணிப்போட்டான் தெரியுமுங்களா? மொய் எழுதற எடத்துக்கு நேராப் போயி, பொண்ணோட தாய்மாமன் எழுதுனதுக்கு மேல எழுதிட்டான். அதும் பெருசா எழுதல. மேல ஒரே ஒரு ரூவா. எம்பட மச்சினன் மொகம் சுண்டிப் போச்சு. தாய்மாமனுக்கு மேல எவனாவது எழுதுவானுங்களா? அன்னிக்குச் சாயங்காலமே ஆளு விட்டு அந்த மொய்யைத் திருப்பி அனுப்பிச்சுட்டேன். எங்க பக்கம் மொய்யைத் திருப்பி அனுப்புனா, உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னு அர்த்தம். அவன் காசு எம்பட வாசப்படி ஏறாது, எம்பட காசு அவன் வாசப்படி மிதிக்காது. அதுல இன்னி வரைக்கும் நான் சுத்தம்.

நான் டீமு வாங்குன மறு வருஷம் அவனும் டீமு வாங்குனான், சங்ககிரிப் பேர்ல. அவனுக்கும் கூடைப்பந்துக்கும் என்னங்க சம்பந்தம்? மூணு பாயிண்டு எப்பக் குடுக்கறாங்க, ரெண்டு பாயிண்டு எப்பக் குடுக்கறாங்கன்னு கேட்டா முழிப்பான். எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்காளு பந்தை வளையத்துல போட்டா உடனே எம்பட போட்டோ பெருசா வர்ற மாதிரி ஒரு எல்ஈடி திரை வச்சிருக்கறேன். லீக்குல வேற எவங்கிட்டயும் அது கெடையாது. நான் கஞ்சன்னு பேசறவன் அந்தத் திரை என்ன வெலைன்னு போயிக் கேக்கட்டும்.

எங்க டீமு கேப்டன் கிளீட்டஸ். தூத்துக்குடிப் பக்கம், கடற்கரை ஊரு. அவங்கப்பன் கடலுக்குப் போறவரு. இவன் எங்க வூட்டு நெலையைக் குனிஞ்சுதான் தாண்டுவான், அத்தனை ஒசரம். நல்ல பையன், அதைச் சொல்லியாகோணும். ஆட்டம் தோத்தா மொத ஆளா வந்து, "ஐயா, தப்பு எம் மேலதான்"ம்பான். செயிச்சா வரவே மாட்டான். எனக்கு அது புடிக்கும். ஞாயித்துக்கெழமை எங்க வூட்லதான் சோறு. எம்பட சம்சாரம் துளசிமணி அவனுக்குன்னு மீனு வாங்கியாரச் சொல்லுவா. எங்க வூட்ல அதுக்கு முன்னால மீனு வாங்குனதே இல்லீங்க. அவளுக்குச் சமைக்கவும் தெரியாது. அவனே சமையக்கட்டுல நின்னு சொல்லிக் குடுப்பான்.

போன சீசனுக்கு முன்னால அவன் சம்பளத்தைக் கூட்டோணும். வேற டீமுங்க அவனைக் கேக்குது. கூட்டுனா நாங்க கோட்டுக்கு மேல போயிருவோம். எம்பட மேனேஜர் குப்புராஜ் வந்து, "தாண்டுறது கொஞ்சந்தானுங்க, கட்டிப்போடலாமுங்க. பணம் அஞ்சு டீமுக்குப் பிரியுது, அவருக்குப் போறது அஞ்சுல ஒரு பங்குதானுங்க"ன்னான். நான் சொன்னேன், "அஞ்சுல ஒண்ணா இருந்தா என்ன, ஐநூறுல ஒண்ணா இருந்தா என்ன? எம்பட ரூவா அவன் கல்லாவுல போயி உக்காரும். உக்காந்துட்டு எம்பட மொகத்தைப் பாக்கும்"னேன். குப்புராஜுக்கு ஒண்ணும் புரியல. அவனுக்குப் பங்காளியே கெடையாது, ஒத்தைக்கு ஒருத்தன்.

சமாச்சாரம் எப்படியோ கிளீட்டஸ் காதுக்குப் போயிருச்சு. ஞாயித்துக்கெழமை சாப்புட்டுக் கையைக் கழுவிட்டு வந்து நின்னான். "ஐயா, எனக்குச் சம்பளம் கூட வேண்டாம். இருக்கறதுலயும் கொறைச்சுக்கிடுங்க. கோட்டுக்குக் கீழ எம்புட்டு வருதோ அம்புட்டு போதும். நான் இங்கனயே ஆடிக்கிடுதேன்"னான்.

துளசிமணி கண்ணைத் தொடைச்சுக்கறா. நான் என்ன சொன்னேன்னு நெனைக்கறீங்க?

நீங்க நெனைக்கறது தப்புங்க. நான் அவனை உக்கார வச்சுச் சொன்னேன். "கண்ணு, நீ சொல்றது உனக்குச் செரி. நாளைக்கு ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? தெய்வசிகாமணிக்கு வக்கில்ல, கேப்டன் பாதிச் சம்பளத்துக்கு ஆடறான்னு பேசுவாங்க. சங்ககிரியில அதைக் கேட்டு ஒருத்தன் சிரிப்பான். நான் அதுக்கா டீமு வச்சிருக்கறேன்?" அப்படின்னேன். நியாயந்தானுங்க? முதலாளிக்கு ஒரு மட்டு மரியாதை இருக்குதுல்லீங்க?

அவன், "வரியும் கட்ட மாட்டீக, சம்பளத்தையும் கொறைக்க மாட்டீக. அப்ப நான் என்னய்யா செய்ய?"ன்னு கேட்டான்.

"நல்ல எடமாப் பாத்துப் போயிக்க"ன்னு சொன்னேன்.

போயிட்டானுங்க! நீங்களே பாருங்க, ஒரு பேச்சுக்குப் போன்னு சொன்னா உடனே போயிர்றதா? ஆறு வருஷம் எங்க வூட்ல சோறு தின்னவன். இன்னொருக்கா வந்து கேக்கறதுக்கென்ன? நாலு நாள் கழிச்சு வந்து நின்னிருந்தா நான் எதாவது யோசிச்சிருப்பேன். வர்ல. இந்தக் காலத்துப் பசங்களுக்கு நன்றிங்கறதே கெடையாதுங்க.

எங்க போனான்னு சொல்லவே வேண்டாம். நாச்சிமுத்து நான் குடுக்க இருந்ததுக்கு மேல குடுத்துத் தூக்கிட்டான். அவன் டீமு கோட்டைத் தாண்டிருச்சு. வெக்கமில்லாம ஆடம்பர வரியைக் கட்டிட்டான். கோயமுத்தூர்ல லீக் ஆபீஸ்ல கட்டிட்டு ஊருக்கு வந்து பட்டாசு வெடிச்சிருக்கறான். வரி கட்டுனதுக்குப் பட்டாசு வெடிச்ச ஆளை நீங்க எங்கியாவது பாத்திருக்கறீங்களா? அறிவு கெட்டவனுங்க அவன்.

போன சீசன் எங்க ஆட்டத்தைப் பத்திக் கேக்காதீங்க. எம்பட போட்டோ அந்தத் திரையில வர்றதே அபூர்வமாப் போச்சு. திரை ஓட்டற ஆளு தூங்கீட்டான், ஒருநாள் எங்காளு பந்தைப் போட்டும் போட்டோ வர்ல. ஆட்டம் பாக்க வர்றவங்க பாதியில எந்திரிச்சுப் போனாங்க. எங்கூரு ரசிகனுங்க, சொந்த ஊரு ரசிகனுங்க, பஸ் புடிச்சுச் சங்ககிரி ஆட்டத்துக்குப் போறாங்க, கிளீட்டஸ் ஆடறதைப் பாக்க. போறவங்க போகட்டும், எனக்கென்ன. துளசிமணியும் ஒருநாள் போயிட்டு வந்திருக்கறா. தங்கச்சி வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கறா. வந்தவகிட்டக் கேட்டேன். "வரியக் கட்டிப்போட்டுப் புள்ளைய வச்சுக்கறதுக்கென்ன கேடு உங்களுக்கு?"ன்னு எங்கிட்டயே திருப்பிக் கேக்கறா. பொம்பளைங்களுக்கு ஆட்டத்தோட பொருளாதாரம் புரியாதுங்க.

சங்ககிரிதான் கோப்பை வாங்குச்சு. வாங்கட்டும். என்னைய எரிச்சது அது இல்ல. சீசன் முடிஞ்சு ஒரு விழா. கோட்டுக்குக் கீழ இருந்த டீம் முதலாளிங்களை மேடைக்குக் கூப்புட்டு, வரியில வந்த பங்கைச் செக்காக் குடுக்கறாங்க. அந்த வருஷம் வரி கட்டுனது ஒரே டீமு. யாருன்னு சொல்லோணுமுங்களா? வேற எவனும் கட்டலைன்னு எனக்கு அங்க போற வரைக்கும் தெரியாது. போட்டோ எடுப்பாங்கன்னு புதுச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டுப் போயிருக்கறேன். சபாரித் தலைவரு மைக்கைப் புடிச்சு, "சிக்கனத்துக்கு எடுத்துக்காட்டு நம்ம தெய்வசிகாமணி"ங்கறாரு. மேடையில ஏறுனா நாச்சிமுத்து மொத வரிசையில நிக்கறான். தலைவரு செக்கை அவங்கையில குடுத்து, அவனை எங்கையில குடுக்க வைக்கறாரு. கைதட்டறாங்க. வாங்காம எப்படிங்க எறங்கறது? அத்தனை கேமரா.

வாங்கிட்டேன்.

அவன் எங்காதுகிட்டக் குனிஞ்சு, "தம்பி, அன்னிக்குத் திரும்பி வந்த மொய்யி இன்னிக்குத்தான் போயிச் சேர்ந்துது"ன்னான். சிரிக்கவேயில்ல. நல்லபடியா, அக்கறையாச் சொல்ற மாதிரி சொன்னான்.

மறுநாள் நான் தலைவருக்குப் போனைப் போட்டு, அந்தப் பணத்தைத் திருப்பி எடுத்துக்கோங்கன்னேன். விதியில எடம் இல்லீங்களாமா. கோயிலுக்குக் குடுங்கன்னு யோசனை சொல்றாரு. இவனுங்களுக்கெல்லாம் என்ன தெரியும்? வாங்குன மொய்யைக் கோயிலுக்குக் குடுத்தாத் தீந்துருமுங்களா? எழுதுனவனுக்குத்தான் திருப்பிச் செய்யோணும், அதும் வாங்குனதுக்கு மேல செய்யோணும். அது வரைக்கும் எங்க தெருவுல தலையை நிமிர்த்தி நடக்க முடியாது. நான் நடக்கல. ராத்திரி சாப்பாடு எறங்கலீங்க, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. டாக்டரு கேஸ் ட்ரபுளுங்கறான். அவனும் ஒரு முட்டாள்.

நேராக் கொண்டு போயிக் குடுக்க முடியாது, பேச்சு வார்த்தை இல்லியே. அப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னு ஒண்ணு தோணுச்சு. அவன் எந்த வழியா அனுப்புனானோ அதே வழியாத் திருப்பி அனுப்பறது. நானும் கோட்டைத் தாண்டறது, நானும் வரி கட்டறது. லீக்கு பிரிச்சுக் குடுக்கும், அவன் பங்கு அவனுக்குப் போயிரும். மேடையில நான் குடுப்பேன், அவன் வாங்குவான். புது வேட்டி எடுத்து வச்சிருக்கறேன்.

இதுல ஒரு சின்னச் சிக்கல். அவனுக்கு ஒரு பங்கு போகோணும்னா மத்த நாலு பேருக்கும் அழுதாகோணும். அழுதுட்டுப் போறேன். ஒரு ரிக்கை வித்துப்போட்டேன். மெட்ராஸுக்கு எதுக்கு வந்தேன்னு நெனைச்சீங்க? ஆட்டக்காரனுங்களைப் புடிக்கத்தான். ரெண்டு நாள்ல ஏழு பேரு. ஒருத்தன் முட்டிக்கு இந்த அகலத்துக்குப் பட்டை கட்டியிருக்கறான். ஒருத்தனுக்கு எம்பட வயசு இருக்கும் போல. "சார், எனக்கா இவ்வளவு சம்பளம்?"ன்னு கேக்கறான். வாங்கிக்கடா, வாயை மூடுன்னேன். அவனுங்க ஆடுனா என்ன, ஆடாட்டி என்ன? சம்பளம் ஏறோணும், கோடு தாண்டோணும், அவ்வளவுதான். கையெழுத்தெல்லாம் நேத்தே ஆயிப்போச்சு.

அதனால உங்க பேப்பர்க்காரன் கேட்டதுக்குப் பதில் இதுதானுங்க. கட்டலாமா கூடாதான்னா, கட்டோணும். கட்டியே தீரோணும். ஆனா எதுக்குக் கட்டறோம்னு தெரிஞ்சு கட்டோணும். அந்த எட்டுப் பேர்ல ஒருத்தனுக்காவது இந்த ஞானம் இருக்குதுங்களா?

என்னங்க? என்ன கேட்டீங்க?

நாச்சிமுத்துவும் கோட்டுக்கு மேலதான இருக்கறாருங்கறீங்களா? ஆமா, மேலதான். கிளீட்டஸ் அங்கதான இருக்கறான், இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எழுதி வாங்கியிருக்கறான். அதனால என்ன?

இல்லீங்க. இருங்க. கோட்டுக்குக் கீழ இருக்கறவங்களுக்குத்தான் பங்கு. அது செரி. நாந்தான் சொன்னேன். அவன் மேல இருக்கறான். நானும் மேல போறேன். அப்ப எம்பட பணம்…

நீங்க எந்த ஊருங்க? உங்களுக்கென்னங்க தெரியும் எங்க லீக்கைப் பத்தி? அரை மணி நேரத்துக்கு முன்னால வரி என்னன்னே தெரியாது உங்களுக்கு. ஒரு நிமிஷம் இருங்க, குப்புராஜைக் கேக்கறேன்.

அலோ, குப்புராஜு. ஏண்டா, நம்ம வரிப்பணத்துல சங்ககிரிக்குப் பங்கு வருமா, வராதா? … வராதா? ஒரு பைசாவுமா? … இதை ஏண்டா எங்கிட்டச் சொல்லல? … எனக்குத் தெரியும்னு நெனைச்சயா? வையிடா போனை.

மத்த நாலு டீமுக்கும் போகுதாமுங்க. பூராமும். அந்த நாலு பேரும் யாருன்னுகூட எனக்குச் செரியாத் தெரியாது. ஒருத்தன் ஜவுளிக்கடை வச்சிருக்கறான். எம்பட ரிக்கை வித்து ஜவுளிக்கடைக்காரனுக்கு மொய் எழுதியிருக்கறேன்.

தண்ணி இருக்குதுங்களா? குடுங்க.

செரி, யோசிப்போம். நாச்சிமுத்து கோட்டுக்குக் கீழ வந்தாத்தான் அவனுக்குப் பங்கு. அவன் கீழ வரோணும்னா ஒருத்தன் அங்கிருந்து வெளிய வரோணும். யாரு வந்தா எறங்கும்னு உங்களுக்கே தெரியும். ஒப்பந்தத்தை முறிக்கறதுக்கு என்ன நட்டஈடோ நான் கட்டிக்கறேன். எங்கிட்டத் திரும்பி வந்துட்டாப் போதும். கணக்குக்காகத்தான் சொல்றேன், வேற ஒண்ணுமில்ல. துளசிமணி ஞாயித்துக்கெழமையில மீனு வாங்கறதை விட்டுட்டா, அது வேற.

உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. எம்பட நம்பர்னா அவன் எடுக்க மாட்டான். எத்தனையோ தடவை போட்டுப் பாத்துட்டேன். சும்மாதான் போட்டேன், பொறந்தநாளுக்கு.

ரிங் போகுதுங்க.

அலோ, கிளீட்டசு… நாந்தான். வச்சிராத, வச்சிராத கண்ணு… ரயில்ல பக்கத்துல இருக்கறவரு போனு இது… நல்லா இருக்கறயா? முட்டி எப்படி? … செரி. ஒண்ணுமில்ல, நீ இங்கியே வந்துரு. சம்பளம் நீ சொல்றதுதான்… வரியா? வரி கெடக்குது, கட்டிக்கலாம்… ஆமா, நாந்தான் சொல்றேன்… யாரு சொன்னா? அப்படியெல்லாம் இல்ல… அவனைக் கீழ எறக்கறதுக்குன்னு எவன் சொன்னான் உனக்கு? குப்புராஜா? இப்பத்தான் போன் போட்டானா? … இல்ல… கிளீட்டசு, அது வந்து…

என்ன கேட்டான் தெரியுமுங்களா? "ஐயா, நான் அங்க வரணுமா, இல்ல இங்க இல்லாம இருந்தாப் போதுமா?"ன்னு கேக்கறான். எத்தனை திமிரு பாருங்க. இதுக்கெல்லாம் நின்னு பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமுங்களா?

இந்தாங்க, உங்க போனு. டவர் போயிருச்சு. என்ன கம்பெனி சிம்முங்க இது, பேசிக்கிட்டு இருக்கறப்பவே போயிருது.

இருக்குதுங்களா?

டவர் முழுசாவா?